அமெரிக்காவில் குழந்தை டாக்டரை விசாரிப்பது

தம்பி, மனைவிக்கு எட்டாம் மாதம், ஆஸ்பத்திரி ஃபாரத்தில் குழந்தை டாக்டர் பேரை எழுதச் சொல்கிறார்கள், அமெரிக்கா வந்தே மூன்று மாதம்தான், யாரைப் போய்க் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். பிறந்து 3 முதல் 5 நாளைக்குள் முதல் செக்கப் வந்துவிடும். அதனால் இப்போதே பார்த்துவிடுவது நல்லதுதான்.

இங்கே டாக்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். உங்கள் மாநில மெடிக்கல் போர்டின் தளத்தில் பேரைப் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று தெரியும். வேறு மாநிலத்திலிருந்து மாறி வந்த டாக்டர் என்றால் 'டாக்இன்ஃபோ' தளத்தில் தேடுங்கள். மாநில போர்டுகளின் கூட்டமைப்பு நடத்துவது, இலவசம்.

ஆனால் லைசென்ஸ் என்பது பொதுவாக வைத்தியம் பார்க்கத்தான். குழந்தை வைத்தியத்தில் 3 வருஷ ரெசிடென்சி (மருத்துவப் படிப்புக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் எடுக்கும் பயிற்சி) முடித்து, அதற்கான தேர்வும் பாஸ் செய்தவரைத்தான் 'போர்டு சர்ட்டிஃபைட்' என்பார்கள். அமெரிக்கன் போர்டு ஆஃப் பீடியாட்ரிக்ஸ் தளத்திலேயே அதைச் சரிபார்க்கலாம். 'போர்டு எலிஜிபிள்' என்றிருந்தால் தேர்வு பாக்கி; ரெசிடென்சி முடிந்து 7 வருஷம் வரை கெடு. புதிதாக முடித்தவர் என்றால் ஒன்றும் தப்பில்லை. ஆறாவது வருஷத்திலும் அப்படியே இருந்தால் நான் யோசிப்பேன்.

என் கதையைச் சொல்கிறேன். தமிழ் பேசுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் பெண்ணைக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ராத்திரி சும்மா மெடிக்கல் போர்டு தளத்தில் பேரைத் தட்டினால் 'போர்டு ஆணை' என்று ஒரு வரி. வயிறு கலங்கிவிட்டது. பிடிஎஃபைத் திறந்து படித்தால், டாக்டர்கள் லைசென்ஸுக்காகப் படிக்க வேண்டிய தொடர்கல்வி மணிநேரங்களைக் காலத்தில் முடிக்கவில்லை, அபராதம் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மருந்து எழுதியதிலோ நோயாளியைப் பார்த்த விதத்திலோ புகார் என்றால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். எதுவானாலும் ஆணையை முழுசாகப் படியுங்கள்.

டாக்டர் மேல் நோயாளிகள் போட்ட நஷ்டஈடு வழக்கு விவரம் எல்லா மாநிலத்திலும் கிடைக்காது. மாசசூசெட்ஸில் கடந்த 10 வருஷத்தில் கொடுத்த தொகை பற்றி டாக்டரின் பக்கத்திலேயே இருக்கும். நாடு முழுக்கத் திரட்டி வைத்திருக்கும் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் ஆஸ்பத்திரிகளுக்கும் போர்டுகளுக்கும்தான், நம்மைப் போன்றவர்கள் பேர் போட்டுப் பார்க்க முடியாது. தொகை கொடுத்ததாலேயே டாக்டர் தப்பு செய்தார் என்றும் ஆகிவிடாது. வழக்கை இழுக்க வேண்டாமென்று இன்சூரன்ஸ் கம்பெனி சமரசம் பேசி முடிப்பதுண்டு.

ஸ்டார் ரேட்டிங்கில் பாதி பார்க்கிங் புலம்பல்தான். போனை எடுக்கிறார்களா, எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்பதற்கு மட்டும் அதைப் படிப்பேன்.

எந்தப் பதிவிலும் கிடைக்காத ஒன்றை நேரில்தான் கேட்க வேண்டும்: ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? பல கிளினிக்குகளில் பிரசவத்துக்கு முன்பே டாக்டரைப் போய்ப் பார்த்துப் பேசலாம், அப்போது கேளுங்கள். என் பையனுக்கு நாலாம் நாள் ராத்திரி கண் வெள்ளையெல்லாம் மஞ்சள். கூப்பிட்ட பத்து நிமிஷத்தில் நர்ஸ் திருப்பி அழைத்து, "இன்றைக்கு எத்தனை டயபர் நனைந்தது, பாலுக்கு எழுந்திருக்கிறானா" என்றுதான் முதலில் கேட்டார். விடியற்காலை வரச் சொன்னார்கள். பையனுக்கு இப்போதும் அதே டாக்டர்தான்.

கிளினிக்குக்குப் போன் பண்ணும்போது இன்சூரன்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளான் பேரை அப்படியே படித்து, அதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் பட்டியல் பல நேரம் பழசாக இருக்கும். வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ் என்றால், குழந்தை பிறந்து 30 நாளைக்குள் பிளானில் சேர்க்க வேண்டும். எச்ஆருக்கு எழுத வேண்டிய மெயிலை இப்போதே டிராஃப்டில் போட்டு வையுங்கள், அப்புறம் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிடும்.