ஹேங்கர் அண்ணாச்சி பதில்கள்

கே: ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போய்வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் என்ன ஆனார்? பேச்சே இல்லையே அண்ணாச்சி! (வாசகர், சங்கரன்கோவில்)

ப: வேலைக்குத் திரும்பிவிட்டார், அவ்வளவுதான். 1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் சோயுஸ் டி-11 என்ற சோவியத் விண்கலத்தில் ஏறினார். சல்யூட்-7 என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்டு 11-ம் தேதி இறங்கினார். போன வண்டி வேறு, வந்த வண்டி வேறு தெரியுமோ? நிலையத்தில் ஏற்கெனவே இருந்த மூவருக்குப் புது வண்டியை விட்டுவிட்டு, சர்மாவும் கூடப் போன இரண்டு சோவியத் வீரர்களும் பழைய டி-10-இல் வந்தார்கள். மொத்தத்தில் எட்டு நாள்கூட முழுசாக இல்லை. நம் ஜனங்களுக்கோ, டிவியில் இந்திரா காந்திக்கு அவர் சொன்ன 'ஸாரே ஜஹான் ஸே அச்சா' என்ற ஒரு வரிதான் ஞாபகம்.

அதற்கு முன்பே, 1971 போரில், 22 வயதில் மிக்-21 ஓட்டியவர். 21 முறை போருக்குப் பறந்திருக்கிறார். பிறகு சோதனை விமானி. 1987-இல் விங் கமாண்டராக ஓய்வு பெற்று, அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-இல், நாசிக்கில் தலைமைச் சோதனை விமானி. 1992-இல் பெங்களூருக்கு மாற்றல். இப்போது நம் குன்னூர்வாசி.

நான் விமானப்படையில் ஏர்மேனாக, விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் எண்ணெயோடு கிடந்தவன். விமானியை நாங்கள் எடைபோடுவது ஃபார்ம் 700 என்ற விமானப் பதிவேட்டை வைத்து. பறக்கும் முன் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் விமானத்தை எடுப்பார். இறங்கியதும் குறை இருந்தால் எழுதுவார். சில பேர் 'எஞ்சினில் ஏதோ சத்தம்' என்று எழுதிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். ராத்திரி பூராவும் நாங்கள் தேட வேண்டியது! சோதனை விமானியோ எந்த உயரம், என்ன வேகம், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, எப்போது நின்றது என்று எழுதிவைப்பார். பயப்படாத ஆள் எங்கேயும் கிடைப்பான். இப்படி எழுதுகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மேலே போன சர்மா தன் உடம்பையே இப்படித்தான் கவனித்தார். எடையின்மையில் உடம்பு படும் பாட்டுக்கு யோகா உதவுமா என்பது அவர் பார்த்த சோதனைகளில் ஒன்று.

கே: சர்மா கூடவே பயிற்சி எடுத்தும் போக முடியாத ரவீஷ் மல்ஹோத்ரா பாவம் இல்லையா? (வாசகி, தென்காசி)

ப: பாவம் என்று நான் சொல்ல மாட்டேன் தாயி. மாற்று வீரர் என்றால் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா பக்கத்தில் நிற்கிறவர் இல்லை. முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் ஏற வேண்டியவர். மாஸ்கோ பக்கத்தில் விண்வெளி வீரர்களைப் பழக்கும் ஸ்டார் சிட்டியில் அதே பயிற்சி, அதே ரஷ்ய மொழி. கீர்த்தி சக்ரா விருது வாங்கினார், ஏர் கமடோர் வரை உயர்ந்தார். 2025 ஜூன் 25-இல் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பியபோது பிரசாந்த் நாயர் அந்த மாற்று வீரர் இடத்தில் இருந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

கே: பிளஸ் டூ படிக்கும் என் மகள் விண்வெளிக்குப் போகணும் என்கிறாள். விமானப்படையில் சேர்க்கட்டுமா? (ஒரு தந்தை, விருதுநகர்)

ப: மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டுத் திட்டமான ககன்யானுக்கு முதலில் எடுத்த நால்வருமே விமானப்படைச் சோதனை விமானிகள், அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். தேசிய பாதுகாப்பு அகாடமியில் இப்போது பெண்களையும் சேர்க்கிறார்கள். விமானப்படைப் பிரிவுக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆனால் விண்வெளி கிடைக்காமலே போனாலும் முப்பது வருஷம் விமானம் ஓட்டச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள். சரி என்றால், முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.