கல்லும் மலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கரடுகளில் பெரிய பெரிய பாறைகள் யாரோ வாரி இறைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இது அணைந்துபோன எரிமலை, அது கக்கிய கற்கள்தான் இவை என்று என் மகன் சாதிக்கிறான். உண்மையா?
- வாசகி, குப்பம்

இல்லையம்மா. அந்தப் பாறைகள் எங்கிருந்தும் வந்து விழவில்லை. நின்ற இடத்திலேயே உருண்டையானவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆறி இறுகிய கிரானைட் வகைக் கல் அது. மேலே மூடியிருந்ததெல்லாம் யுகம் யுகமாக அரித்துப் போனபின் வெளியே தலை காட்டியது. அப்புறம் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி மூலை முடுக்குகளைத் தின்றுவிட, மிச்சம் குண்டுக்கல். பையனிடம் ஒரு சில்லைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணி மணியாகப் படிகம் கண்ணுக்கே தெரியும். நிதானமாக ஆறினால்தான் படிகம் அப்படி வளரும். எரிமலை கக்கிச் சட்டென்று ஆறிய கல்லில் மணிகள் பொடியாக இருக்கும், சிலவற்றில் காற்றுக் குமிழ்களின் ஓட்டையும் இருக்கும்.

ஆனாலும் பையனை உடனே மட்டம் தட்டிவிடாதீர்கள். உங்கள் பக்கத்துக் கறுப்புக்கல் குவாரியைக் காட்டுங்கள் (வெடி வைக்கிற நேரமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்). சமையல் மேடைக்கும் வெளிநாட்டுக் கல்லறைகளுக்கும் அறுத்து அனுப்புகிறார்களே, அது கிரானைட்டே இல்லை. வியாபாரிகள் வைத்த பெயர் அது. கல் டோலரைட். பழைய பாறையில் விழுந்த நெடும் விரிசலுக்குள் கீழிருந்து எரிகுழம்பு ஏறி, அங்கேயே உறைந்த சுவர். அதனால்தான் கறுப்புக்கல் அகலம் கம்மியாக, ஒரே கோடாக நீண்டு போகிறது. வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல். எரிமலைக்குக் குழம்பு ஏறுவதும் இப்படிப்பட்ட விரிசல்கள் வழியாகத்தான். மேலே எரிமலை ஏதும் இருந்திருந்தால், அது எப்போதோ கரைந்துபோயிற்று.

கேள்வி: ஒரு எரிமலை அமைதியாக வழிகிறது, இன்னொன்று வெடித்துச் சிதறுகிறது. ஏன்? வகைகளையும் சொல்லுங்கள்.
- பத்தாம் வகுப்பு மாணவர், பலமநேர்

காலுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்பு கொதிக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விடு தம்பி. மேலோட்டுக்குக் கீழே பெரும்பாலும் திடப்பாறைதான். பூமியின் மேற்புறப் பாறைத் தட்டுகள் விலகி அழுத்தம் குறையும் இடத்திலும், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நீரையும் இழுத்துக்கொண்டு புதையும் இடத்திலும், ஆழத்திலிருந்து வெப்பம் மேலே எழும் ஹவாய் போன்ற வெப்பப் புள்ளிகளிலும்தான் அது உருகுகிறது.

வெடிப்பதும் வழிவதும் குழம்பில் இருக்கும் சிலிக்காவையும் (மணலில் இருக்கிற அதே பொருள்) வாயுவையும் பொறுத்தது. குழம்பு மேலே வர வர, கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கும். சிலிக்கா குறைவாக இருந்தால் குழம்பு இளகலாக இருக்கும். வாயு எளிதாக வெளியேறிவிடும். ஹவாயின் மவுனா லோவா அப்படி வழிந்து வழிந்தே அகன்ற கேடய எரிமலை ஆனது. சிலிக்கா கூடினால் குழம்பு பிசுபிசுக்கும், வாயு சிக்கிக்கொள்ளும், கடைசியில் வெடிக்கும். பிலிப்பைன்ஸின் மயோன் போன்ற செங்குத்தான அடுக்கு எரிமலைகள் இந்த ரகம். மூன்றாவது, தணற்கூம்பு: வாயிலிருந்து தெறித்த தணல் துண்டுகள் சுற்றிலும் குவிந்த கூம்பு. 1943இல் மெக்சிகோவில் ஒரு சோளக்கொல்லையில் முளைத்த பரிகுட்டின், 1952இல் ஓய்வதற்குள் 424 மீட்டர் உயர்ந்துவிட்டது.

செயல்படுவது, உறங்குவது, அணைந்தது என்ற பிரிவைப் பரீட்சையில் எழுது, மதிப்பெண் வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சுமார் 500 ஆண்டு சும்மா கிடந்த பிலிப்பைன்ஸின் பினட்டுபோ 1991இல் வெடித்தது. வெடிப்பின் அளவுக்கு 0 முதல் 8 வரை ஒரு குறியீடு உண்டு. பினட்டுபோ 6. இந்தோனேசியாவில் 1815இல் வெடித்த தம்போரா 7. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபா 8. அதன் சாம்பல் கடல் தாண்டி வந்து நம் ஆந்திராவிலேயே, கர்நூல் பக்கம் ஜுவாலாபுரத்தில், படிந்து கிடக்கிறது.

கேள்வி: இந்தியாவில் உயிருள்ள எரிமலையைப் பார்க்க முடியுமா?
- வாசகர், நகரி

முடியும். அந்தமானில் பாரன் தீவு. 1787இல் அது கக்கியதைக் குறித்து வைத்திருக்கிறார்கள்; பிறகும் சில முறை கக்கிவிட்டு, நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மறுபடி கிளம்பியது. ஆள் குடியிருப்பு கிடையாது. கரையில் இறங்க விடமாட்டார்கள், கப்பலில் இருந்தபடியே பார்க்க வேண்டியதுதான்.