ஓம் சரி, வாட் எவ்வளவு?

கேள்வி: 1 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை 12 வோல்ட் அடாப்டரில் எரியவிடக் கடையில் 27 ஓம் ரெசிஸ்டர் கேட்டு வாங்கினேன். கணக்கு சரிதான் என்கிறார் நண்பர். ஆனால் மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே புகைந்து கருகிவிட்டது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைத் திட்டாதீர்கள். நீங்கள் ஓமைச் சொன்னீர்கள், வாட்டைச் (அதாவது ரெசிஸ்டர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை) சொல்லவில்லை. வெறுமனே கேட்டால் பெரும்பாலும் அரிசிமணி அளவிலான கால் வாட் ரெசிஸ்டர்தான் கைக்கு வரும்.

இந்த எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 3.2 வோல்ட். மீதி 8.8 வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையில்தான். அதை 27-ஆல் வகுத்தால் 0.33 ஆம்பியர், 350 மில்லி ஆம்பியர் (0.35 ஆம்பியர்) எல்.இ.டி.க்கு இது பொருத்தம், நண்பர் சொன்னது சரி. ஆனால் 8.8-ஐ 0.33-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2.9 வாட்! கால் வாட் எப்படித் தாங்கும்?

'27 ஓம், 5 வாட் சிமெண்ட்' என்று கேளுங்கள். வெள்ளைக் கட்டியாக இருக்கும். ஓமும் வாட்டும் மேலேயே அச்சிட்டிருக்கும். 3 வாட் வாங்கினால் விளிம்பில் நிற்கும். மூடிய டப்பாவுக்குள் அதுவும் தாங்காது. 5 வாட்டும் தொட்டால் சுடத்தான் செய்யும். பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், 1 வாட் வெளிச்சத்துக்காக 3 வாட்டைச் சூடாக்கி வீணடிப்பது வெட்டி வேலை. மூன்று எல்.இ.டி.யை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) மாட்டுங்கள். 9.6 வோல்ட் அவற்றுக்கே போய்விடும். மிஞ்சும் 2.4 வோல்ட்டுக்கு 8.2 ஓம் போட்டால் 0.29 ஆம்பியர், ரெசிஸ்டரில் வெறும் 0.7 வாட். 2 வாட் ரெசிஸ்டரே தாராளம். எல்.இ.டி.க்கு ஹீட் சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் துண்டு) மட்டும் கட்டாயம் வேண்டும்.

இதையே பைக்கில் மாட்டிவிடாதீர்கள். வண்டி ஓடும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை ஏறும். கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி எல்.இ.டி. போய்விடும். அங்கே வோல்ட் ஏறினாலும் கரண்டை மாறாமல் வைக்கும் 300 மில்லி ஆம்பியர் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர்தான் சரி.

அப்புறம், 8.2 ஓமை மல்டிமீட்டரில் சோதிக்கும்போது முதலில் மீட்டர் ஒயரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அது ஒயரின் கணக்கு, கழித்துவிடுங்கள்.