‘விற்காதே’ என்று விவசாயியிடம் யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உள்ளூர் உணவுப் பொருளாதாரம் நிலைக்க வேண்டுமானால் நகரங்களை ஒட்டிய விளைநிலங்களைச் சட்டம் போட்டுக் காக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். எங்கோ விளைந்த காய்கறி லாரியில் வந்து இறங்கும் காலத்தில், ஊரை ஒட்டித்தான் விளைய வேண்டும் என்று என்ன கட்டாயம்? அப்புறம், எல்லோரும் தங்கள் சொத்தை நல்ல விலைக்கு விற்கலாம், விவசாயி மட்டும் விற்கக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விதான் கனமானது, அதிலிருந்தே வருகிறேன்.

வயலாக இருக்கும்போது ஒரு விலை, மனையானால் பல மடங்கு. பழைய கடனுக்கும் முதுமைக்கும் விவசாயி நம்பியிருப்பது அந்த வித்தியாசத்தைத்தான். அதை ஓர் அரசாணையில் துடைத்துவிட்டு, ஊருக்குச் சோறு போடுங்கள் என்று உபதேசம் செய்வதில் எனக்கும் உடன்பாடில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1973இல் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. மாகாணத்தின் பரப்பில் சுமார் 5 சதவீதத்தை, அதாவது 47 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு, வேளாண்மைக்கென்று ஒதுக்கியது. விவசாயிகள் கொதித்தார்கள். நிலம் என்னவோ பெரும்பாலும் தப்பியது. ஆனால் வசதி படைத்தவர்கள் அதே நிலத்தை வாங்கி நடுவில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். பண்ணையில் வீடு கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லையே! வீடு 500 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2019இல் தனியாக விதி கொண்டுவர வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்தது நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1974இல் எடுத்த வழி. நிலம் விவசாயியிடமே இருக்கும். அதில் மனை போடும் உரிமையை மட்டும் நிர்வாகம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். இரண்டு விலைகளுக்கும் இடையிலான வித்தியாசம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு நிலம் யாரிடம் போனாலும் அந்தக் கட்டுப்பாடும் கூடவே போகும். அதனால், புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளைஞருக்கு வயல் விலைக்கே நிலம் கிடைக்க வழி பிறக்கிறது. செலவு பிடிக்கும் வழிதான்.

சரி, லாரிக்கு வருவோம். பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டியே விளையும், தானியம் தள்ளிப் போகும் என்று 1826இலேயே ஜெர்மானியரான ஃபான் தூனன் கணக்குப் போட்டுக் காட்டினார். குளிர்பதனமும் நல்ல சாலையும் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது உண்மை. என் கவலை வேறு. வாய்க்காலின் நடுவில் ஒரு வயல் மனைப்பிரிவாகிறது என்று வையுங்கள். மண் கொட்டி மேடாக்குகிறார்கள். மேலே உள்ள வயலில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, கீழே உள்ளதற்கு ஏறுவதில்லை. குடிவந்தவர்கள் எருவின் நாற்றத்துக்கும் இரவில் ஓடும் அறுவடை இயந்திரத்தின் சத்தத்துக்கும் புகார் கொடுக்கிறார்கள். இன்னும் நாலு வயல் போனால் டிராக்டர் மெக்கானிக்குக்கு வேலை கட்டுப்படியாகாது, விதைக்கடை மூடப்படும், விளைச்சலை எடுக்க வரும் வண்டி அந்தப் பக்கம் திரும்பாது. மிச்சமிருப்பவர்களும், எப்படியும் விற்கத்தானே போகிறோம் என்று கிணற்றைத் தூர்வாருவதையும் மண்ணுக்கு எரு போடுவதையும் நிறுத்திவிடுவார்கள். விற்காத நிலமும் இப்படித்தான் தரிசாகிறது. லாரி காய்கறியைக் கொண்டுவரும், மெக்கானிக்கையும் விதைக்கடையையும் திருப்பிக் கொண்டுவருமா? வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் காய்கறியும் வராது.

ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காப்பதில் பயனில்லை. ஒரே வாய்க்காலை நம்பிய வயல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே காக்க வேண்டும்.

அதற்குப் பணம் எங்கே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வயல் மனையாகும்போது நிலத்தின் விலை ஒரே நாளில் ஏறுகிறதல்லவா, அந்த லாபத்தில் ஒரு பங்கை வரியாக எடுக்கலாம் என்பது என் யோசனை.