நான்கு நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து

கேள்வி: வீட்டில் நான்கு நாய்கள். தெள்ளுப்பூச்சித் தொல்லை தாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மாதாமாதம் மருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சொறிகிற நாய்க்கு மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகூட இடும், அவை நாயின் முடியில் ஒட்டாமல் உதிர்ந்து பாய், சோபா இடுக்கு, தரை வெடிப்பு என்று எங்கும் விழுந்து பொரிக்கும். அதனால் நான்குக்கும் ஒரே நாளில் போடுங்கள், ஒன்றை விட்டால் மற்ற மூன்றுக்குப் போட்ட காசும் வீண்.

செலவில்லாத வேலைதான் பாதி பலன் தரும். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் அலசுங்கள், மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். அப்புறம் பேன் சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் வாரி, வருவதை சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். சீப்பில் கறுப்புத் துகள் வந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள், செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், நாயின் ரத்தம்தான்.

பெரிய நாய்க்கான சொட்டு மருந்தைப் பங்கு பிரித்துப் போடாதீர்கள், அளவு தவறும். எடையைச் சொல்லி, மலிவான மாற்று மருந்து உண்டா என்று கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பூண்டு கொடுக்கச் சொல்வார்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள், நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பக்கமே போக வேண்டாம், பூனையின் உயிருக்கே ஆபத்து. முழுப்பூச்சியாகி வெளிவரும் முன் கூட்டுப்புழுவாகக் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும், அதனால் பூச்சி கண்ணில் படாவிட்டாலும் மூன்று மாதமாவது மருந்தை நிறுத்தாதீர்கள்.