தெருவுல ரெண்டு பேருக்கு பிளட் கேன்சர், ஊரை மாத்திடலாமா?

கேள்வி: நாங்க மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை ஊர். ஒரு வருஷத்துல எங்க தெருவுல ரெண்டு பேருக்கு பிளட் கேன்சர் வந்துடுச்சு. ஒண்ணு ஒண்ணாம் கிளாஸ் படிக்கிற பையன், இன்னொருத்தர் 58 வயசு கொத்தனார். இங்க கடல் மண்ணுல கதிர்வீச்சு இருக்குன்னு சின்ன வயசுலேர்ந்தே கேட்டு வளந்தவங்க நாங்க, இப்ப தெரு முனையில செல்ஃபோன் டவர் வேற. அமெரிக்காவுல இருக்க அண்ணன் அங்க வந்துடுங்கங்கிறார், ஆனா நெட்ல பாத்தா அங்கதான் லுகேமியா, அதாவது பிளட் கேன்சர், பல மடங்கு அதிகம்னு மேப் முழுக்க செவப்பா போட்டிருக்கு. எனக்கு 4 வயசுல பொண்ணு இருக்கா. ஊரை மாத்தணுமா? அவளுக்கு இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: மொதல்ல ரெண்டுக்கும் பதிலைச் சொல்லிடறேன், மிச்சத்தை பொறுமையா படிங்க. ஊரை மாத்த வேண்டாம். ஓடியாடி விளையாடிட்டிருக்க குழந்தையை "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோமே"ன்னு லேபுக்கு இழுத்துட்டு போகவும் வேண்டாம்.

நான் கேன்சர் ரெஜிஸ்ட்ரியில இருவது வருஷமா குப்பை கொட்டறவன். எந்த ஊர்ல யாருக்கு என்ன கேன்சர்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் கேஸ் ஷீட்டை புரட்டி எழுதறதுதான் வேலை. அதனால நீங்க பாத்த அந்த செவப்பு மேப் எப்படி தயாராகுதுன்னு சமையக்கட்டு வழியா பாத்தவன்னு வச்சுக்கங்க.

பிளட் கேன்சர்னு ஒரே பேர்ல சொல்றோமே, அதுக்குள்ள குறைஞ்சது நாலு வியாதி இருக்கு. ஏஎல்எல்னு ஒண்ணு, குழந்தைங்களுக்கு அதிகம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள உச்சம். ஏஎம்எல் எந்த வயசுலயும் வரும், வயசு ஏற ஏற கூடும். சிஎம்எல் மெதுவா போறது, இன்னிக்கு தினமும் மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போயிட்டு வரலாம். சிஎல்எல் பெரும்பாலும் வயசானவங்களோடது. உங்க தெரு பையனுக்கு வந்தது அநேகமா மொதல் ரகம், கொத்தனாருக்கு அது வந்திருக்க வாய்ப்பு கம்மி. அப்படின்னா அது ரெண்டு தனித்தனி வியாதி, ஒரே தெருவுல இருக்குங்கிறதைத் தவிர ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கணும்னு எந்த கட்டாயமும் கிடையாது. ஊர்ல யாராவது "இங்க கேன்சர் ஜாஸ்தி"ன்னு ஆரம்பிச்சா நான் கேக்கற மொதல் கேள்வியே "எந்த டைப்பு, என்ன வயசு?"ங்கிறதுதான், பாதி பயம் அங்கயே இறங்கிடும்.

இப்ப அமெரிக்கா கணக்கு. 2024-ல அங்க புதுசா வரும்னு கணிச்ச லுகேமியா கேஸ் 62 ஆயிரம் சொச்சம். இந்தியாவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 50 ஆயிரம். அவங்க ஜனத்தொகை 34 கோடி, நம்மளுது 140 கோடிக்கு மேல. வகுத்துப் பாத்தா அங்க ஒரு லட்சம் பேருக்கு 18, இங்க மூணரை, அஞ்சு மடங்கு வித்தியாசம், மேப்ல செவப்பு அடிக்காம என்ன செய்வான். ஆனா அந்த 18 யாருன்னு பாருங்க. அங்க லுகேமியா வர்றவங்கள்ல பாதிப்பேர் 67 வயசைத் தாண்டினவங்க. நம்ம நாட்டுல அந்த வயசுல இருக்க ஜனமே கம்மி. அதனாலதான் நாங்க வயசு வித்தியாசத்தை சமன் பண்ணி இன்னொரு ரேட் போடுவோம், அப்படிப் போட்டா இடைவெளி நல்லாவே சுருங்கும், ஆனாலும் முழுசா மறையாது.

மறையாம நிக்கறதுல பெரிய பங்கு சிஎல்எல்லுக்கு. வெள்ளைக்காரங்க நாட்டுல பெரியவங்களுக்கு வர்ற லுகேமியாவுல அதுதான் மொத எடம், ஜப்பான்ல தேடித்தான் பிடிக்கணும். இதுல சுவாரசியம் என்னன்னா, ஜப்பான்லேர்ந்து அமெரிக்கா போய் செட்டில் ஆனவங்களுக்கும் அந்த கம்மியான ரேட்டே கூட வருது. வயித்து கேன்சர் மாதிரி சிலது ஊர் மாறி சாப்பாடு மாறினா ரெண்டு தலைமுறையில மாறிடும், சிஎல்எல் அப்படி மாறல, பரம்பரையா வந்த விஷயம்னு அதை வச்சுதான் சொல்றாங்க. ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு பொதுவாவே அங்க சிஎல்எல் கம்மிதான். ஆக உங்க அண்ணன் குடும்பம் அங்க குடியேறினதால அந்த 18 அவங்க தலையில வந்து உக்காராது, நீங்க போறதும் போகாததும் விசா, சம்பளம் பாத்து முடிவு பண்ணவேண்டிய சமாச்சாரம்.

அடுத்தது, எண்ணப்படாத கேஸ். இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இந்த வேலையில என்னை தூங்கவிடாம பண்றது இதுதான்.

ஒரு கேஸ் ஷீட் இன்னும் ஞாபகம் இருக்கு. அஞ்சு வயசு பொண்ணு, கால் வலிக்குதுன்னு நொண்ட ஆரம்பிச்சிருக்கா, கீழ விழுந்திருப்பான்னு கட்டுப் போடுறவர்கிட்ட காட்டி எண்ணெய் போட்டு கட்டியாச்சு. பத்து நாள் கழிச்சு காய்ச்சல். டெங்கு சீசன், பிளேட்லெட் 40 ஆயிரம், டெங்குதான்னு ஒரு நர்சிங் ஹோம்ல படுக்க வச்சு டிரிப் ஏத்தியிருக்காங்க. ஹீமோகுளோபின் 6-ன்னு அதே பேப்பர்ல இருக்கு, யாரும் அதை சுழிக்கல. நடுவுல ஒரு ஸ்டீராய்டு ஊசி, காய்ச்சல் விட்டுச்சு, வீட்டுக்கு வந்தா, மூணு வாரத்துல திரும்ப எல்லாம் ஆரம்பிச்சு மெடிக்கல் காலேஜுக்கு வந்தப்பதான் ஒரு ரத்தத்துளியை கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க. வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டிய இடம் பூரா பெருசு பெருசா முதிராத அணுக்கள். அந்தப் பொண்ணு எங்க ரெஜிஸ்டர்ல ஒரு வரியா ஏறினா. அந்த ரெண்டாவது காய்ச்சல்லயே போயிருந்தா டெங்குன்னோ ரத்தசோகைன்னோ முடிஞ்சிருக்கும், எங்க கணக்குக்கே வந்திருக்க மாட்டா.

மார்புல கட்டின்னா கையில தட்டுப்படும், ரத்தத்துல வர்ற கேன்சருக்கு மைக்ராஸ்கோப்பும் அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும். அது இல்லாத இடத்துல லுகேமியா "கம்மி"யாத்தான் தெரியும். ஆப்பிரிக்காவோட பல பகுதிகள் மேப்ல வெளுத்துத் தெரியறதுக்கும், நம்ம நாட்டுலயே கிராமப்புற ரெஜிஸ்ட்ரியில கம்மியாவும் டெல்லி, சென்னை மாதிரி ஊர்ல ஜாஸ்தியாவும் காட்டறதுக்கும் இது ஒரு முக்கிய காரணம். டெல்லியில பையன்களோட கேன்சர் ரேட் பொண்ணுங்களோடதை விட ரொம்பவே மேல நிக்குது. பையன்களுக்கு உலகம் பூராவும் கொஞ்சம் அதிகம்தான், ஆனா இவ்ளோ இல்ல, பொண் குழந்தையை பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டு வர்றது கம்மிங்கறது அந்த இடைவெளியில கலந்திருக்கு. இன்னொரு தலைவலி அட்ரஸ். சிகிச்சைக்கு வந்தவங்க சென்னையில சித்தப்பா வீட்டு அட்ரஸை குடுத்திருப்பாங்க, அப்படியே எழுதிட்டா சென்னை ரேட் ஏறும், அதனாலதான் அந்த ஊர்ல ஒரு வருஷமாவது குடியிருந்தவங்களைத்தான் அந்த ஊர் கணக்குல சேக்கணும்னு விதி. அதே ஆள் மூணு ஆஸ்பத்திரியில மூணு இனிஷியலோட இருப்பார், அதையும் பிடிச்சு ஒண்ணாக்கணும்.

எல்லாமே கணக்குப் பிழைதானான்னா இல்ல, நெசமான ஊர் வித்தியாசமும் உண்டு. ஜப்பானோட தென்மேற்குல கியூஷு தீவுல பெரியவங்களுக்கு ஒரு தனி ரக லுகேமியா வருது, 1977-ல அடையாளம் கண்டது, காரணம் எச்டிஎல்வி-1ங்கிற வைரஸ், முக்கியமா தாய்ப்பால் வழியா குழந்தைக்குப் போறது. நாகசாகியில 1987-லேர்ந்து கர்ப்பிணிகளை டெஸ்ட் பண்ணி, வைரஸ் இருந்தா புட்டிப்பால் குடுக்கச் சொன்னாங்க, அஞ்சுல ஒரு குழந்தைக்கு தொத்திட்டிருந்தது நூத்துக்கு ரெண்டு மூணா இறங்கிடுச்சு. (இது அந்த வைரஸ் இருக்கவங்க கதை. நம்ம ஊர்ல தாய்ப்பாலை நிறுத்த இதை யாரும் காரணமா எடுத்துக்காதீங்க, தாய்ப்பால் ஆறு மாசத்துக்கு மேல குடிச்ச குழந்தைங்களுக்கு லுகேமியா கொஞ்சம் கம்மின்னுதான் ஆய்வுகள் சொல்லுது.)

நம்ம சென்னையிலயே ஒண்ணு நடந்திருக்கு. குழந்தைகளோட ஏஎல்எல்லுக்குள்ள, எந்த வகை வெள்ளை அணுவுல ஆரம்பிக்குதுங்கறதை வச்சு, டி-செல், பி-செல்னு ரெண்டு பிரிவு. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல சாந்தா அம்மா காலத்துலேர்ந்தே கவனிச்சது, மேலை நாட்டோட ஒப்பிட்டா இங்க டி-செல் ரகம் ரொம்ப அதிகம். அப்புறம் 1989-லேர்ந்து 2009 வரைக்கும் வந்த குழந்தைங்களை வரிசையா வச்சுப் பாத்தா டி-செல் பங்கு குறைஞ்சுகிட்டே வருது, பி-செல் ஏறுது. இங்கிலாந்துல 1920-கள்ல, அமெரிக்காவுல அதுக்கு கொஞ்சம் பின்னாடி, ஜப்பான்ல 1960-கள்ல இந்த ரெண்டு-அஞ்சு வயசு உச்சம் தலைகாட்டுச்சு, வசதி வர வர கூடவே வருது. சின்ன வயசுல சாதாரண சளி காய்ச்சல் கிருமிகளோட பழகாம சுத்தபத்தமா வளர்ற குழந்தைக்கு பின்னாடி ஒரு தொற்று வரும்போது உடம்பு தாறுமாறா எதிர்வினை காட்டுது, ஏற்கனவே ஒரு மரபணு கோளாறோட பிறந்த சில குழந்தைங்களுக்கு அது லுகேமியாவுல முடியுதுன்னு மெல் கிரீவ்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி சொல்றார். இது ஒரு கருதுகோள்தான், ஆனா எனக்கு இதுல நம்பிக்கை உண்டு. அதனால உங்க பொண்ணை பால்வாடிக்கு அனுப்புங்க, மூக்கு ஒழுகிட்டு வந்தா பரவால்ல.

சரி, உங்க ஊர் மண்ணுக்கு வர்றேன். அதுல மோனசைட்னு ஒரு தாது கலந்திருக்கு, அதுக்குள்ள கதிர்வீச்சு விடற தோரியம் இருக்கு, கதிர்வீச்சு சாதாரண இடத்தைவிட அதிகம்தான், இதை யாரும் மறைக்க வேண்டியதில்ல. இதே மண் கேரளாவுல கருநாகப்பள்ளி கடற்கரையிலயும் இருக்கு, திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர்காரங்க அங்க வீடு வீடா கதிர்வீச்சை அளந்து, 30 வயசுக்கு மேல 69,958 பேரை சராசரியா பத்தரை வருஷம் பின்தொடர்ந்தாங்க. மொத்தம் 1,379 கேன்சர், அதுல லுகேமியா 30. கதிர்வீச்சு கூடின வீட்டுல கேன்சர் கூடுதலா இருக்குன்னு அவங்க கணக்குல தெரியல. இதுலயும் ஓட்டை உண்டு, 30 கேஸ்ங்கிறது ரொம்ப கம்மி, குழந்தைங்க இந்த ஆய்வுல இல்ல, அதனால "துளி ஆபத்தும் கிடையாது"ன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஹிரோஷிமா நாகசாகியில நடந்தது மாதிரி ஒரே நொடியில பெரிய டோஸ் வாங்கறதும், மண்ணுலேர்ந்து வருஷம் பூரா துளித்துளியா வர்றதும் ஒண்ணு இல்ல. அங்க குண்டு போட்ட ரெண்டு வருஷத்துலயே லுகேமியா ஏற ஆரம்பிச்சு ஆறேழு வருஷத்துல உச்சத்துக்குப் போச்சு. உங்க கடற்கரையில அந்த மாதிரி ஒரு ஏத்தம் இருந்தா ரெஜிஸ்ட்ரி கண்ணுக்குத் தப்பாது. டவரைப் பத்தி ஒரே வரி, அதுலேர்ந்து வர்ற அலைக்கு டிஎன்ஏவை உடைக்கற பலம் கிடையாது, அதை விட்டுடுங்க.

ஒரு வருஷத்துல ரெண்டு பேருங்கறது ஜாஸ்தி இல்லையான்னு நீங்க கேப்பீங்க. கேஸ் வந்தப்புறம் அந்த தெருவை மட்டும் சுத்தி கோடு போட்டா எதுவுமே ஜாஸ்தியாத்தான் தெரியும், அதனால உங்க ஊரும் சுத்துப்பட்டும் சேந்து 20 ஆயிரம் பேர்னு வச்சுக்குவோம். லட்சத்துக்கு மூணரைன்னா வருஷத்துக்கு 0.7 கேஸ், அதாவது சராசரியா மூணு வருஷத்துல ரெண்டு. ஆனா சராசரி தவணை முறையில வராது. ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை டைல்ஸ் தரையில வீசிப் பாருங்க, ஒரு டைல்ல ஒண்ணுமே இருக்காது, பக்கத்துல மூணு கிடக்கும். இதே அளவு ஊர் ஆயிரம் எடுத்தா, எந்த காரணமும் இல்லாம அதுல 150 ஊர்ல ஒரே வருஷத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ வரும், அந்த 150 ஊர்லயும் ஜனங்க அண்ணாந்து டவரைத்தான் பாப்பாங்க. எப்ப சந்தேகப்படணும்? ஒரே டைப், ஒரே வயசு, கொஞ்ச காலத்துல நாலஞ்சு கேஸ்னு வந்தா. இங்கிலாந்துல சீஸ்கேல்ங்கிற ஊர்ல அணு ஆலை பக்கத்துல குழந்தைங்களுக்கு எதிர்பார்த்ததை விட ஏறக்குறைய பத்து மடங்கு வந்தது, 1983-ல டிவியில வந்து நாடே பேசிச்சு. அங்க வெளியான கதிர்வீச்சு அவ்ளோ லுகேமியாவுக்கு பத்தாதுன்னு கணக்குல வந்தது, ஒதுக்குப்புற ஊர்ல திடீர்னு வெளியூர் ஜனம் வந்து கலந்ததால ஏதோ ஒரு கிருமி பரவினதோன்னு கின்லன்ங்கிறவர் இன்னொரு விளக்கம் சொன்னார், அந்த வாதம் ரொம்ப காலம் ஓடிச்சு.

டெஸ்ட் எப்ப எடுக்கணும்னா, ரெண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், முகம் வெளுத்துப் போறது, அடிபடாம உடம்புல நீலம் பாயறது, தோல்ல செவப்பா ஊசி குத்தின மாதிரி புள்ளி, ஈறுல ரத்தம், ராத்திரி எழுப்பற எலும்பு வலி, காரணமில்லாம நொண்டறது. இதுல ஏதாவது இருந்தா சிபிசியும் (ரத்த அணுக்களை மெஷின்ல எண்ணற டெஸ்ட்) ஸ்மியரும் (ரத்தத்துளியை கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கறது) சேத்து கேளுங்க, வெறும் மெஷின் ரிப்போர்ட் பத்தாது. டெங்குன்னு சொன்னாங்கன்னா பிளேட்லெட் ஒரு வாரம் பத்து நாள்ல ஏறணும், ஏறல, இல்ல ஹீமோகுளோபினும் கூடவே இறங்குதுன்னா விடாதீங்க. ஸ்மியர் பாக்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு போட சம்மதிக்காதீங்க, அது ஏஎல்எல்லை தற்காலிகமா அமுக்கி டாக்டரை ஏமாத்திடும்.

அந்த கொத்தனார் பத்தியும் சொல்லிடறேன். அவருக்கு சிஎம்எல்லா இருந்தா வீட்டுல சாவுக்களை வேண்டாம். நம்ம நாட்டுல அது 35, 40 வயசுலயே நிறைய வருது, ஏதோ கம்பெனி மெடிக்கல் செக்கப்ல வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டி இருக்குன்னு தெரிஞ்சு வந்து நிப்பாங்க, இமாட்டினிப் மாத்திரை 2001-ல வந்ததுக்கு அப்புறம் அவங்கள்ல பெரும்பாலானவங்க வருஷக்கணக்கா நல்லா இருக்காங்க. மாத்திரையை நடுவுல நிறுத்தாம இருக்கறாரான்னு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்தாச்சான்னும் கேளுங்க.

பையன் வீட்டுக்குப் போகத் தயங்காதீங்க, இது தொத்தாது. தொத்தறதுக்கு பயப்படவேண்டியவன் அவன்தான். கீமோ ஓடிட்டிருக்கும்போது சின்னம்மை வந்தா அவனுக்கு உயிருக்கே ஆபத்து. உங்க பொண்ணுக்கோ பக்கத்து வீட்டுப் பசங்களுக்கோ அம்மை போட்டா, வேப்பிலை கட்டி கதவைச் சாத்திட்டு கமுக்கமா இருந்துடாம அன்னைக்கே அந்தப் பையனோட அம்மாவுக்கு ஃபோன் பண்ணுங்க, அதுக்கு முந்தின ரெண்டு நாள்ல ரெண்டும் ஒண்ணா விளையாடியிருந்தா அதையும் சொல்லுங்க, அவங்க டாக்டர் உடனே செய்யவேண்டியது இருக்கு.