டியூஷன் கணக்கு: பென்சில் யார் கையில்?

ஜூன் பாதியில் பள்ளிகள் திறந்த கையோடு மும்பை வாசகர்களிடமிருந்து கணக்குப் பாடம் பற்றிய கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. பாதிக் கடிதங்களில் பிள்ளையின் வகுப்பும் இல்லை, போர்டும் இல்லை. அப்படி வந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் அதையே தங்களுக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

என் மகன் கணக்கில் ரொம்ப வீக். நல்ல டியூஷன் ஒன்று சொல்லுங்கள். (செம்பூர் வாசகி)

எந்த வகுப்பு? மாநில போர்டான எஸ்.எஸ்.சி.யா, ஐ.சி.எஸ்.இ.யா, சி.பி.எஸ்.இ.யா? "உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்" என்று மருத்துவருக்கு எழுதுவீர்களா? வீக் என்ற சொல்லால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒருவனுக்குப் பின்னம் வராது. ஒருவன் கழித்தல் குறியைத் தவறவிடுவான். ஒருவன் எல்லாம் தெரிந்தும் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதுவான். மூவருக்கும் ஒரே டியூஷன் பொருந்தாது.

கடைசி இரண்டு தேர்வுகளின் விடைத்தாளை எடுத்துவைத்து, மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் ஏன் போனது என்று மகனையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு யாரிடம் போனாலும் வேலை பாதி முடிந்தது. தாளைக் கேட்காமலே "நாளையிலிருந்து அனுப்புங்கள்" என்று சொல்பவரிடம் அனுப்ப வேண்டாம்.

மகள் ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்தாள். கணக்கில் எப்போதும் முதலிடம். இப்போது எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலவழியில் சேர்த்திருக்கிறோம். முதல் தேர்விலேயே 20-க்கு 6. கணக்கு மறந்துவிட்டதா? (தாராவி வாசகர்)

மறக்கவில்லை. உங்கள் மகளுக்குக் கணக்கு டியூஷனே தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு வேண்டியது ஒரு நாற்பது, ஐம்பது சொற்கள்.

சோதித்துப் பாருங்கள். "ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 5 செ.மீ. அதிகம், சுற்றளவு 50 செ.மீ. என்றால் நீளம் என்ன?" என்று தமிழில் கேளுங்கள். சுற்றளவில் பாதி 25, அதில் 5 போக 20, அகலம் 10, நீளம் 15 என்று அவள் சொல்லிவிடுவாள். அதே கணக்கு ஆங்கிலத்தில் 'எக்ஸீட்ஸ்' என்ற சொல்லோடு வந்தால் நின்றுவிடுவாள். அந்தச் சொல் தெரியாததற்குத்தான் மதிப்பெண் போகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலான ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்று நாம் தமிழில் சொல்லும்போது எண் முதலில் வருகிறது, 5 பிறகு வருகிறது. எழுதுவதும் அதே வரிசையில்தான்: எண், கழித்தல் குறி, 5. ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று 5 முன்னால் வந்து நிற்கும். குழந்தை காதில் விழுந்த வரிசையிலேயே 5-இலிருந்து எண்ணைக் கழித்துவிடும். விடை தலைகீழ். தமிழ்வழியில் வந்த பிள்ளைகளிடம் இந்தத் தவற்றை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். பாடப்புத்தகக் கணக்குகளில் வரும் 'டிஃபரன்ஸ்', 'ப்ராடக்ட்', 'அட் லீஸ்ட்', 'ரெஸ்பெக்டிவ்லி' போன்ற சொற்களை இடப்பக்கமும், தமிழில் அவற்றின் பொருளையும் ஒரு சிறு உதாரணத்தையும் வலப்பக்கமும் அவளே எழுதட்டும். நாளுக்கு மூன்று சொல் போதும். கேள்வியை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் திருப்பிச் சொல்லி, அதன் பிறகு பென்சிலைத் தொடட்டும். தீபாவளிக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடுவாள் என்று உறுதியாக நம்புகிறேன். அதுவரை அவள் காதுபட "கணக்கு வரவில்லை" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

மகன் படிக்கும் பள்ளியின் கணக்கு ஆசிரியரே மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். சேர்க்கலாமா? (முலுண்ட் வாசகி)

வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனிப்பட்ட டியூஷன் எடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பகலில் வகுப்பில் விட்டதை மாலையில் காசுக்கு விற்கும் நிலை எந்த நல்ல ஆசிரியரையும் கெடுத்துவிடும்.

ஐ.சி.எஸ்.இ., ஒன்பதாம் வகுப்பு. டியூட்டர் வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார். நோட்டு முழுவதும் கணக்கு. மகளைக் கேட்டால் "எல்லாம் புரிகிறது" என்கிறாள். போன ஆண்டுத் தேர்வில் 80-க்கு 31. டியூட்டரை மாற்ற வேண்டுமா? (மாட்டுங்கா வாசகி)

அந்த நோட்டைக் கையில் எடுங்கள். கணக்கைப் பார்க்க வேண்டாம், கையெழுத்தைப் பாருங்கள். யாருடைய கையெழுத்து அதிகமாக இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்தவுடனேயே டியூட்டருடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மகளுடைய கையெழுத்தாகவே இருந்தாலும், அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியதாக இருக்கும். இதை நான் எழுதாத மாதமே இல்லை, இன்னும் எழுதத்தான் போகிறேன்: பென்சில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

வேறொருவர் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் இயல்பாகத்தான் தோன்றும். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையாகவே புரிகிறது. அம்மா போடும் சிக்குக்கோலத்தை நின்று பார்க்கும் குழந்தைக்கு எந்தக் கோடு எங்கே வளைகிறது என்பது புரியத்தான் செய்கிறது. மறுநாள் மாவை அதன் கையில் கொடுத்தால் மூன்றாவது புள்ளியிலேயே கை நின்றுவிடும். கணக்கில் கடினமானது, முதலில் என்ன செய்வது என்று முடிவெடுப்பது. அந்த முடிவை டியூட்டர் எடுத்துவிடுகிறார். தேர்வு கேட்பதோ அந்த முடிவைத்தான்.

நான் பாடம் எடுக்கத் தொடங்கிய புதிதில் சயனில் ஒரு கோச்சிங் வகுப்பில் வேலை பார்த்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கரும்பலகையை மூன்று முறை நிரப்பி அழிப்பேன். முதல் வரிசையில் ஒரு பெண் ஒரு வரி விடாமல் அழகாக எழுதிக்கொள்வாள். தேர்வுத்தாளில் பாதிக் கேள்விகளைத் தொடாமலே விட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கள் போடும்போது வருகிறது சார், நான் போடும்போது வரவில்லை" என்றாள். இன்றுவரை எனக்கு யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாக்பீஸைக் குறைத்துக்கொண்டேன். அந்த இடத்தின் நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. "பலகையில் ஒன்றும் இல்லையே" என்றார்கள்.

பெற்றோரையும் சொல்ல வேண்டும். அறைக்குள்ளே பத்து நிமிடம் பேச்சுக்குரல் கேட்காவிட்டால் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிறீர்கள். அந்த அமைதியில்தான் குழந்தை தடுமாறி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பணம் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் டியூட்டர் பேசத் தொடங்குகிறார், பேனாவை எடுக்கிறார், கணக்கு முடிந்துவிடுகிறது. "ஹோம்வொர்க் முடிந்ததா?" என்று நீங்கள் தினமும் கேட்டால் அவர் முடித்துத்தான் கொடுப்பார்.

ஆகவே உடனே மாற்ற வேண்டாம், முதலில் ஒரு சோதனை. நேற்று போட்ட நான்கு கணக்குகளில் எண்களை மட்டும் மாற்றி, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நான்கு கணக்கில் மூன்று வந்தால் டியூட்டர் சரி. வராவிட்டால் அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஐந்து நாளை மூன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். மற்ற இரண்டு நாளும் மகள் தனியாகப் போட்டு, தவற்றோடு அப்படியே அவரிடம் காட்டட்டும். நோட்டில் அவர் எழுதக் கூடாது, விரலால் சுட்டலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அப்போது மாற்றுங்கள்.

எஸ்.எஸ்.சி. ஜியாமெட்ரியில் தேற்றங்களை மனப்பாடம் செய்யலாமா? (சயன் கோலிவாடா மாணவர்)

தேற்றத்தின் கூற்றை வார்த்தை பிசகாமல் தெரிந்துகொள். நிரூபணத்தை மனப்பாடம் செய்யாதே. புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தை நீயே வரை. புள்ளிகளுக்குப் புத்தகத்தில் இல்லாத எழுத்துகளை வை. அந்த எழுத்துகளோடு நிரூபணம் வந்தால் உனக்குத் தெரியும் என்று பொருள்.

அல்ஜீப்ரா 40 மதிப்பெண், ஜியாமெட்ரி 40 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். கட்டம் நிரப்பும் 'ஆக்டிவிட்டி' கேள்விகளில் நிரூபணத்தின் நடுவரி ஒன்றை எடுத்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். நெட்டுருப் போட்டவன் மாட்டிக்கொள்வது அங்கேதான். டைஜஸ்ட் என்னும் கைடைப் பிரிப்பதற்கு முன் மாநிலப் பாடநூலான பாலபாரதிப் புத்தகத்தின் 'ப்ராப்ளம் செட்' அனைத்தையும் முடி. வரைந்து காட்டும் கேள்விகளுக்குக் கூர்மையான பென்சில் வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் நினைவுபடுத்திப் பயனில்லை.

எம்.எச்.டி. சி.இ.டி.யில் தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா? (கல்யாண் மாணவி)

விடாதீர்கள். மகாராஷ்டிர மாநில நுழைவுத்தேர்வான இதில், கணக்கில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அகில இந்திய இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயினில் சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். அங்கே கடைப்பிடிக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சி.இ.டி.யில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் பின்னாளில் கணக்கு நன்றாக வருமா? (டோம்பிவிலி வாசகி)

கூட்டல், கழித்தல் வேகமாக வரும். அல்ஜீப்ரா அதனால் வராது. வீட்டில் 20 வரை வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள், செலவில்லை.

இன்ஜினியரிங் முதலாண்டுக் கணக்கில் இரண்டு முறை கே.டி. (அரியர்). மூன்றாவது முறை பயமாக இருக்கிறது. பழைய கேள்வித்தாள் மட்டும் படித்தால் போதுமா? (நவி மும்பை மாணவர்)

போதாது, தம்பி. கணக்கு இரண்டு முறை நின்றது என்றால் ஓட்டை இந்தத் தாளில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் நுழைவுத்தேர்வுக் கோச்சிங்கோடு சேர்த்து நடத்தும் 'இன்டக்ரேட்டட்' ஜூனியர் காலேஜில் இரண்டு ஆண்டும் விடையைத் தேர்ந்தெடுக்க மட்டும் பழகிவந்த பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். நான்கு தெரிவுகளில் ஒன்றைக் குறிக்கத் தெரியும், எட்டு வரி தொடர்ந்து எழுத வராது.

பெருக்கல் விதி, சங்கிலி விதி, மடக்கை விதிகள், சைன், கொசைன் இரட்டைக்கோணச் சூத்திரங்கள். இவற்றில் இருபது சிறு கணக்குகளை அரை மணியில் தவறில்லாமல் போட முடிகிறதா என்று இன்றே பார். முடியாவிட்டால் முதல் மூன்று வாரம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான் உட்கார வேண்டும். சாதாரண வகையீடே தடுமாறும்போது பகுதி வகையீடு எப்படி வரும்? அதன் பிறகு அணிகளில் தொடங்கு. அணியின் தரம் காண்பதில் புதிய கருத்து குறைவு, பின்னத்தைத் தவறவிடாமல் நிரைகளைக் கழிக்கும் பொறுமைதான் வேண்டும். அங்கே மதிப்பெண் விரைவில் கிடைக்கும், பயமும் குறையும். கலப்பெண்ணும் டி மாய்வர் தேற்றமும் அடுத்து. பழைய தாள்கள் கடைசியாக, கடிகாரம் வைத்து.

தேர்வுக்கு முந்திய இரவு காணொளிகளை இரட்டை வேகத்தில் பார்ப்பதை விட்டுவிடு. அதுவும் வேறொருவர் போடும் கணக்குதான். பென்சில் உன் கையில் இருக்கட்டும்.

மகளுக்கு 14 வயது. ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் என்று நான்காண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள், தள்ளுபடியும் உண்டாம். (தாணே வாசகர்)

கட்டாதீர்கள். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. முழுப்பணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்றும் இருக்கிறது. இது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கான நெறிமுறை. சிறிய இடமோ பெரிய இடமோ, மாதக் கட்டணம் மட்டும் கொடுங்கள். விலகும் சுதந்திரம் தள்ளுபடியைவிட மதிப்பு மிக்கது.

காமர்ஸ் எடுக்கிறேன். கணக்கை விட்டுவிட்டு செக்ரட்டேரியல் பிராக்டிஸ் எடுக்கலாமா? சி.ஏ. படிக்க ஆசை. (வடாலா மாணவி)

சி.ஏ. ஃபவுண்டேஷனில் 'குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட்' என்று 100 மதிப்பெண் தாள் ஒன்று உண்டு. வணிகக் கணிதமும் புள்ளியியலும் அதில் இருக்கின்றன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். கணக்கை விடாதே.

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். வீட்டிலேயே டியூஷன் தொடங்க விரும்புகிறேன். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் வைக்கலாம்? (அம்பர்நாத் வாசகி)

ஆறு பேர். ஏழாவது பிள்ளை வந்தால் யாராவது ஒருவருடைய நோட்டை நீங்கள் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். வட்டமாக உட்காரவையுங்கள், கரும்பலகை சிறியதாக இருக்கட்டும். ஒரே வகுப்பு, ஒரே போர்டு என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டு உங்களுக்கும் எளிது.

சேர வரும்போது பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள், கட்டணத்தை அதன் பிறகு பேசலாம். முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். பின்னத்தில் இரண்டு, கழித்தல் குறியில் இரண்டு என்று சிறு கணக்குகள் கொடுத்து அவர்கள் எழுதுவதைச் சும்மா பாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்துவதையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவதையும் ஒன்று என்று எழுதும். திட்ட வேண்டாம், சூத்திரமும் சொல்ல வேண்டாம். 3-ஐயும் 4-ஐயும் கொடுத்து இரண்டு வழியிலும் போடச் சொல்லுங்கள். ஒன்றில் 49 வரும், மற்றதில் 25 வரும். தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை தானாக நிமிர்ந்து உங்களைப் பார்க்கும்வரை பேசாமல் இருங்கள்.